வயலுக்கும் வாசலுக்கும் நடுவே: உழவர் சந்தை வந்த கதை

ஒரு கிலோ தக்காளியை விளைவித்தவருக்குக் கிடைப்பது எவ்வளவு? அதே தக்காளியை நகரத்தில் வாங்கிச் சாப்பிடுபவர் கொடுப்பது எவ்வளவு? இந்த இரண்டு தொகைகளும் என்றுமே ஒன்றாக இருந்ததில்லை. விலை ஏறினால் இல்லத்தரசிகள் புலம்புவார்கள். விலை இறங்கினால் விவசாயி தக்காளியைப் பறிக்காமல் செடியிலேயே விட்டுவிடுவார், பறிகூலி கூடக் கட்டாது என்று. இரண்டு காலத்திலும் நடுவில் இருப்பவருக்கு மட்டும் பெரிய நஷ்டம் வருவதில்லை! இந்த நிலையை மாற்ற தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட பெரிய முயற்சிதான் உழவர் சந்தை.

சந்தையிலிருந்து மண்டிக்கு

சந்தை தமிழர்களுக்குப் புதிதல்ல. மதுரை நகரில் பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடந்ததை மதுரைக்காஞ்சி சொல்கிறது. கிராமங்களில் வாரம் ஒருநாள் கூடும் வாரச் சந்தை இன்றும் இருக்கிறது. அங்கே கத்தரிக்காயைப் பறித்தவரே கூடையுடன் வந்து உட்கார்ந்து விற்பார். வாங்குபவரும் விற்பவரும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். பேரம் உண்டு, தரகு இல்லை.

நகரங்கள் பெருகியபோது இது போதவில்லை. உருளைக்கிழங்கும் கேரட்டும் நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக வந்தன. வெங்காயம் மகாராஷ்டிராவிலிருந்து வந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து சரக்கைக் கொண்டுவர லாரி வேண்டும், இறக்கி வைக்க இடம் வேண்டும், உடனே விற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்தது மண்டி. விவசாயி சரக்கைக் கொண்டுபோய்ப் போடுவார். மண்டிக்காரர் விற்றுக் கொடுத்துவிட்டு கமிஷன், வண்டி வாடகை, இறக்குக் கூலி எல்லாம் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். விதைக்கும் உரத்துக்கும் அவரிடமே முன்பணம் வாங்கியிருந்தால், வேறு மண்டிக்குப் போகவும் முடியாது. மண்டியில் வாங்கும் மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்காரருக்கு விற்பார். அழுகியது, வாடியது போக மீதியை விற்று லாபம் பார்க்க வேண்டிய கடைக்காரர் தன் பங்குக்கு விலையை ஏற்றுவார். தெருவுக்கு வரும்போது காய் மூன்று நான்கு கை மாறியிருக்கும்.

சென்னையின் கதை

சென்னைக்கு நெடுங்காலம் காய்கறி கொடுத்தது ஜார்ஜ் டவுனில் இருந்த கொத்தவால் சாவடி. குறுகிய தெருக்கள், லாரிகள், கை வண்டிகள், அழுகல் குப்பை என்று நெரிசல் தாங்க முடியாமல் போனது. எனவே 1996-ல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. இடம் விசாலமானது, லாரி வந்து போக வசதியானது. ஆனால் மாறியது இடம் மட்டும்தான், வியாபார முறை மாறவில்லை. விவசாயி, மண்டி, சில்லறைக் கடை என்ற வரிசை அப்படியே தொடர்ந்தது.

1999: மதுரையில் ஒரு தொடக்கம்

விவசாயியே நேரடியாக நகரத்தில் விற்கட்டும் என்ற யோசனை முதலில் வேறு மாநிலங்களில் செயலுக்கு வந்தது. பஞ்சாபில் 1987-ல் 'அப்னி மண்டி' தொடங்கியது. ஆந்திராவில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14-ம் தேதி, கலைஞர் கருணாநிதி முதல்வராக இருந்தபோது, தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. 2001-ல் ஆட்சி மாறுவதற்குள் சந்தைகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது.

அட்டை, தராசு, பேருந்து

கொட்டகை போட்டு 'உழவர் சந்தை' என்று பலகை மாட்டினால் மட்டும் போதாது. இத்திட்டம் நடந்ததற்கு சில எளிய ஏற்பாடுகளே காரணம்.

முதலாவது, அடையாள அட்டை. யாருக்கு எவ்வளவு நிலம், அதில் என்ன பயிர் என்று அதிகாரிகள் பார்த்த பிறகே புகைப்படத்துடன் அட்டை தரப்பட்டது. அட்டை இல்லாதவர் கடை போட முடியாது.

இரண்டாவது, தராசு. விவசாயிகளுக்குத் தராசு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. கடைக்கு வாடகையும் இல்லை.

மூன்றாவது, பேருந்து. காய்கறி மூட்டைகளை அரசுப் பேருந்தில் சுமைக் கட்டணம் இல்லாமல் ஏற்றிவர அனுமதி கிடைத்தது. அரை ஏக்கர் வைத்திருப்பவரால் லாரி பிடிக்க முடியாது அல்லவா? அவருக்கு இதுதான் பெரிய உதவி.

நான்காவது, விலைப்பலகை. தினமும் காலையில் விலை நிர்ணயித்து எழுதிப் போடுவார்கள். மொத்த விலையை விட சுமார் 20 சதவீதம் அதிகமாகவும், வெளிச் சில்லறை விலையை விட சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. உதாரணமாக மண்டியில் 20 ரூபாய்க்குப் போகும் வெண்டைக்காய் தெருக்கடையில் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் அது 24, 25 ரூபாய்க்குக் கிடைக்கும். விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். முதல் நாள் மாலையோ அன்று விடியற்காலையோ பறித்தது என்பதால் காயும் வாடாமல் இருக்கும்.

ஆட்சி மாறினால்?

2001-ல் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்த பிறகு உழவர் சந்தைகள் கவனிப்பாரின்றிப் போயின. சில மூடப்பட்டன. 2006-ல் தி.மு.க. திரும்பி வந்ததும் அவை மீண்டும் உயிர் பெற்றன, புதிய சந்தைகளும் திறக்கப்பட்டன. பின்னர் 2013 ஜூனில் ஜெயலலிதா அரசு, கூட்டுறவுத் துறை மூலம் சென்னையில் பண்ணை பசுமை நுகர்வோர் கடைகளைத் தொடங்கியது. கொள்முதல் செய்த காயை அரசே குறைந்த விலைக்கு விற்கும் முறை இது. சென்னையைச் சுற்றி வயல்கள் குறைந்துவிட்டதால், விவசாயி தானே கூடை சுமந்து வரும் முறை மதுரை, கோவை, சேலம் போல அங்கே எளிதல்ல. ஆகவே இரண்டு திட்டங்களுக்கும் அவற்றுக்கான இடம் உண்டு. ஒன்றை ஒரு கட்சிக்கும் மற்றொன்றை இன்னொரு கட்சிக்கும் எழுதி வைப்பதால் நஷ்டப்படுவது விவசாயியும் வாங்குபவரும்தான்.

ஒரே பெரிய சந்தையை நம்பியிருப்பதன் ஆபத்து 2020-ல் தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு மூடப்பட்டு, மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது சென்னையில் காய்கறி விலை கூடியது.

குறைகளும் உண்டு

உழவர் சந்தையில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. விவசாயி பெயரில் வியாபாரி உள்ளே நுழைகிறார் என்பது பழைய புகார். வாசலுக்கு வெளியே நடைபாதைக் கடைகள் வந்துவிட்டால், உள்ளே இருப்பவரின் விற்பனை குறையும். அதிகாலையில் வர முடியாத வேலைக்காரர்களுக்கு நல்ல காய் கிடைப்பதும் சிரமம்.

இந்தக் குறைகளைத் தீர்க்கப் பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. அட்டையை ஒழுங்காகச் சோதிக்க வேண்டும், தராசைச் சரிபார்க்க வேண்டும், காலையில் பேருந்து நேரத்துக்கு வர வேண்டும். உழவர் சந்தை பிழைத்ததும் நலிந்ததும் இந்தச் சின்ன விஷயங்களால்தான். இவற்றைத் தினமும் கவனித்தால், விதைத்தவருக்கும் கட்டும், சமைப்பவருக்கும் கட்டும்.