கூட வந்தவர்களுக்கு ஒரு பீஜிங்

பெரிய சர்வதேச மாநாடு ஒன்றுக்குப் பெயர் பதிகிற படிவத்தை எப்பவாவது நிரப்பியிருந்தால் இதைக் கண்டிருப்பீர்கள். கட்டுரை வாசிப்பவருக்கு ஒரு கட்டணம், மாணவருக்கு ஒரு கட்டணம், அதுக்குக் கீழே 'உடன் வருபவர்' எண்டு இன்னொரு வரி. உடன் வருபவர் மண்டபத்துக்குள்ள இருந்து அமர்வுகளைக் கேக்க ஏலாது. இரவு விருந்துக்கு வரலாம். பகலில் அவரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஊர் காட்டுவார்கள். மாநாடு பீஜிங்கில் என்றால் எங்கெங்கே போவார்கள் என்பதைக் கேக்காமலே சொல்லலாம்: பெருஞ்சுவர், தடைசெய்யப்பட்ட நகரம், கோடை மாளிகை, திரும்பி வரும் வழியில் ஒரு பட்டுக்கடை.

உடன் வருபவர் என்றால் நடைமுறையில் அநேகமாக மனைவி. கணவன்மார் முக்கியமான விஷயம் கதைக்கும் மட்டும் இவர்களுக்குப் பொழுது போகவேணும், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு எண்டு நானும் நினைச்சிருந்தேன். ஆனால் பீஜிங்கின் கடந்த நூறு வருஷச் சொச்ச வரலாற்றை வாசிச்சுக்கொண்டு போனால் வேறொன்று தெரியுது. மேசையில் இருந்து கதைக்க முடியாத நேரங்களில் எல்லாம் அங்கே ஆட்சியில் இருந்தவர்கள் விருந்தாளிகளின் மனைவிமாரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

1898 டிசம்பர் மாதம். செப்டம்பரில்தான் பேரரசி சிசி அரண்மனைக்குள்ளேயே ஒரு ஆட்சிக் கவிழ்ப்பை நடத்தி முடித்திருந்தார். சீர்திருத்தம் செய்ய வெளிக்கிட்ட இளம் பேரரசர் குவாங்சு காவலில். சீர்திருத்தக்காரர் ஆறு பேருக்குத் தலை போயிற்று. பேரரசர் உயிரோடு இருக்கிறாரா எண்டு வெளிநாட்டுத் தூதரகங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில்தான் ஏழு நாட்டுத் தூதுவர்களின் மனைவிமாருக்கு அரண்மனையில் இருந்து அழைப்பு வந்தது. அதுக்கு முதல் வெளிநாட்டுப் பெண்களை சிசி அப்பிடி வரவேற்றதே இல்லை.

போனவர்களில் ஒருவர் அமெரிக்கத் தூதுவரின் மனைவி சேரா கொங்கர். அவர் பிறகு தன் கடிதங்களைப் புத்தகமாகப் போட்டார், அதனால் அந்த நாள் கொஞ்சம் விபரமாகவே தெரியும். பல்லக்கில் கொண்டுபோய் அரண்மனை வாசலில் இறக்கினார்களாம். உள்ளே பிரான்ஸ் அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு ரயில் பெட்டி தண்டவாளத்தில் நின்றது. எஞ்சின் இல்லை. அரண்மனை அண்ணகர்கள் அதைத் தள்ளியும் இழுத்தும் கொண்டுபோனார்கள். பிறகு தேநீர், விருந்து, நாடகம். ஒவ்வொருவர் விரலிலும் சிசி தானே ஒரு முத்து மோதிரத்தைப் போட்டுவிட்டார். அங்கே பேரரசர் குவாங்சுவும் இருந்தார், வந்தவர்களுக்குக் கை கொடுத்தார்.

அந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கோ. பேரரசர் உயிரோடுதான் இருக்கிறார் என்ற செய்தி அன்று பின்னேரமே ஏழு தூதரக வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது, ஒரு அறிக்கைகூட விடாமல். தூதுவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் அவர்கள் கேள்வி கேட்டிருப்பார்கள். தேநீருக்கு வந்தவர்கள் அப்பிடிக் கேக்க முடியாது.

ஒன்றரை வருஷத்தில் எல்லாம் தலைகீழ். 1900இல் பொக்சர் எழுச்சிக்காரரும் அரச படைகளும் தூதரகப் பகுதியை 55 நாள் முற்றுகையிட்டார்கள். கொங்கர் உள்ளே அகப்பட்டவர்களில் ஒருவர். எட்டு நாட்டுப் படைகள் நகரத்துக்குள் புகுந்து கொள்ளையடித்தன, சிசி தப்பி ஓடினார். 1902 ஜனவரியில் திரும்பி வந்ததும் அவர் கெதியாகச் செய்த காரியங்களில் ஒன்று திரும்பவும் தூதர்களின் மனைவிமாரைக் கூப்பிட்டது. கொங்கரின் கைகளைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் குரலில் நடந்ததுக்கு வருத்தம் சொன்னாராம். அதுக்குப் பிறகு கோடை மாளிகையிலும் தோட்ட விருந்துகள் தொடங்கின.

அந்தக் கோடை மாளிகைக்கே ஒரு கதை இருக்குது. 1860இல் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் எரித்த இடங்களில் அதுவும் ஒன்று. கடற்படைக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து சிசி அதைத் திருப்பிக் கட்டினார், 1895இல் ஜப்பானிடம் சீனா தோற்றதுக்கு அதுவும் ஒரு காரணம் எண்டு இன்றைக்கும் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 1900இல் அந்நியப் படைகள் வந்து திரும்பவும் நாசமாக்கின. சிசி திரும்பவும் திருத்தினார். தன் நாட்டுப் படைகள் சேதமாக்கின தோட்டத்திலேயே இருந்து தேநீர் குடித்துவிட்டு வந்த பெண்கள் அதைப் பற்றி என்ன நினைத்தார்களோ. வெளிநாட்டவர் சமூகத்தில் பலர் இந்தப் பெண்களைக் கடுமையாக விமர்சித்தார்கள், பரிசு வாங்கிக்கொண்டு மனம் மாறிவிட்டார்கள் எண்டு. அது முழுப்பொய்யும் இல்லை. கொங்கர் ஏற்பாடு செய்துதான் 1903இல் கதரின் கார்ல் என்ற அமெரிக்க ஓவியர் அரண்மனைக்குள் போனார். அவர் வரைந்த சிசியின் பெரிய உருவப்படம் 1904இல் சென் லூயிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அமெரிக்கப் பத்திரிகைகளில் அரக்கியாக இருந்தவருக்கு அங்கே ஒரு முகம் கிடைத்தது.

அடுத்தது 1972 பெப்ரவரி, நிக்சன் வந்த கிழமை. வந்த அன்றே மாவோவைச் சந்தித்தார், ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். பற் நிக்சன் அங்கே இல்லை. அடுத்த நாட்களில் சூ என்லாயோடு மணிக்கணக்காகப் பேச்சு, எல்லாம் பூட்டின கதவுக்குப் பின்னால். ஆனால் அமெரிக்காவில் இருந்து 80க்கும் மேற்பட்ட பத்திரிகை, தொலைக்காட்சிக்காரர் வந்து நிக்கினம். செய்மதி மூலம் படம் அனுப்ப வசதி இருக்குது. அனுப்பத்தான் ஒன்றும் இல்லை. எனவே கமராக்கள் எல்லாம் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண்ணுக்குப் பின்னால் ஓடின. நீலமும் சாம்பலுமாக உடுத்த நகரத்தில் அந்தக் கோட்டு எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்.

பீஜிங் ஹோட்டலின் குசினி, மிருகக்காட்சிச்சாலை, ஒரு கண்ணாடித் தொழிற்சாலை, ஒரு மக்கள் கொமியூன், கோடை மாளிகை. இருபது வருஷத்துக்கு மேல் சீனாவையே காணாத அமெரிக்கச் சனங்கள் வீட்டில் இருந்து பார்த்த சீனா இதுதான். விருந்தொன்றில் மேசையில் இருந்த பண்டா படம் போட்ட சிகரட் ரின்னைப் பார்த்து, வடிவாயிருக்கு என்று பற் நிக்சன் சொல்ல, உங்களுக்கும் தருகிறேன் என்று சூ என்லாய் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஏப்ரலில் இரண்டு பண்டாக் கரடிகள் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தன. பதிலுக்கு அமெரிக்கா அனுப்பினது இரண்டு கஸ்தூரி எருதுகள். அவற்றை இப்ப யார் நினைச்சிருக்கினம்?

கலாசாரப் புரட்சி அப்ப இன்னும் முடியவில்லை. பற் நிக்சன் பார்த்த குசினியில் சமையல்காரர்கள் மினுங்கினார்கள். அந்த நகரத்தின் ஆசிரியர்கள் எத்தனையோ பேர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். காட்டுகிறது எவ்வளவு தூரம் போகும் என்பதுக்கு மிங் கல்லறையில் நடந்ததே போதும். நிக்சன் தம்பதி பெருஞ்சுவருக்கும் அங்கேயும் போன நாள் கடுங்குளிர். அந்தக் குளிரில் நல்ல உடுப்புப் போட்ட குடும்பங்கள் ரேடியோவும் கையுமாக உலாவிக்கொண்டு இருந்தார்கள், பிள்ளைகள் விளையாடிக்கொண்டு இருந்தார்கள். செய்தியாளர்களுக்குச் சந்தேகம் வந்திட்டுது. அடுத்த நாள் சூ என்லாயே நிக்சனிடம், அது எங்கட ஆக்கள் செய்த போலி ஏற்பாடு, பிழைதான் எண்டு ஒத்துக்கொண்டார். ரேடியோவைக் கையில் கொடுத்து நிப்பாட்டப்பட்ட அந்தக் குடும்பங்களும் ஒரு விதத்தில் 'உடன் வந்தவர்கள்'தான். அவர்களுக்கு மட்டும் விருந்து இல்லை.

நாலு மாதம் கழித்து, ஜூன் கடைசியில், அதே நகரத்தில் எங்கட நாட்டுப் பிரதமர் வந்து இறங்கினார். சிறிமாவோ பண்டாரநாயக்க கணவர் பிரதமராக இருந்த காலத்தில் கொழும்பில் விருந்தாளிகளை உபசரித்த மனைவி. 1972இல் மாவோவுக்கு முன்னால் கதிரையில் இருந்தவர் அவர். அவரது அரசியலோடு எனக்கு இருக்கிற கணக்கு வேறு, குறிப்பாக அதே வருஷம் மே மாதம் வந்த அரசியலமைப்பைப் பற்றி. ஆனால் இந்த இரண்டு வருகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி ஒருவர் பீஜிங்கில் மேடை ஏற 1995 மட்டும் பொறுக்கவேண்டி இருந்தது. ஐ.நா.வின் நாலாவது உலகப் பெண்கள் மாநாடு. செப்டம்பர் 5ஆந் திகதி ஹிலரி கிளின்டன் பேசினார், பெண்களின் உரிமையும் மனித உரிமையும் ஒன்றுதான் எண்டு. அந்தப் பேச்சைச் சீனாவின் அரச ஊடகங்கள் மக்களுக்கு ஒலிபரப்பவில்லை. அரசசார்பற்ற அமைப்புகளின் பெண்களை நகரத்தில் இருந்து ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பால் ஹுவாய்ரோவில் கொண்டுபோய் விட்டார்கள். மழை, சேறு, கூடாரம். சொன்னதைக் கேட்டுக்கொண்டு பார்க்க வந்தால் கோடை மாளிகை, கதைக்க வந்தால் ஹுவாய்ரோ.

2014 நவம்பரில் ஏபெக் உச்சிமாநாடு. தொழிற்சாலைகளை மூடி, வாகனங்களை மட்டுப்படுத்தி, ஊழியர்களுக்கு லீவு கொடுத்து வானத்தை நீலமாக்கினார்கள். சனங்கள் அதுக்கு 'ஏபெக் நீலம்' என்று பகிடிப் பெயரும் வைத்தார்கள். 10ஆந் திகதி இரவு வாணவேடிக்கை பார்க்கும்போது குளிரில் இருந்த ஷி ஜின்பிங்கின் மனைவி பெங் லியுவானுக்கு புட்டின் ஒரு சால்வையைப் போர்த்திவிட்டார். நிகழ்ச்சிநிரலில் இல்லாத அந்தச் சில செக்கன் சீன இணையத்தில் இருந்து கெதியாகவே அழிக்கப்பட்டது. அடுத்த நாள் பெங் லியுவான் தலைவர்களின் துணைவியரைக் கோடை மாளிகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் படங்களை யாரும் அழிக்கவில்லை.