வோக்கிங் ஊரில் இறங்கிய செவ்வாய்க் கிரகவாசிகள்

லண்டனுக்குத் தென்மேற்கே, ஸர்ரே வட்டாரத்தில் ரயில்பாதையை அண்டி வளர்ந்த வோக்கிங் என்னும் ஊரில், எழுத்தையே ஜீவனோபாயமாகக் கொள்ளத் துணிந்திருந்த எச். ஜி. வெல்ஸ் 1895-ஆம் வருஷம் குடியேறினார். இங்கிலாந்தைச் சைக்கிள் மோகம் பிடித்து ஆட்டிய காலம் அது. அவரும் சைக்கிளேறிச் சுற்றுவட்டாரமெங்கும் திரிந்து, தம் கதையில் வரும் செவ்வாய்க் கிரகவாசிகள் எந்த இடத்தை அழிக்கவேண்டும், எவரை மாய்க்கவேண்டும் என்று குறித்துக்கொண்டு வந்ததாகப் பிற்காலத்தில் குதூகலத்தோடு நினைவுகூர்ந்தார். ஹார்செல் பொதுவெளியின் மணற்குழியில்தான் அவர்களை ஏற்றிவரும் முதல் உருளை வந்து விழுகிறது.

1877-இல் இத்தாலிய வானசாஸ்திரியான ஷியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டதாக வெளியிட்டது முதல், அங்கே ஜீவராசிகள் இருக்கக்கூடுமென்ற பேச்சு ஐரோப்பாவில் உலவிவந்ததென்னவோ உண்மை. ஆயினும் 1897-இல் பியர்சன்ஸ் சஞ்சிகையில் தொடராகவும், மறுவருஷம் புஸ்தகமாகவும் வந்த இந்தக் கதைக்கு வித்து பூமியிலேயே கிடைத்தது. ஸர்ரேயின் அமைதியான நாட்டுப்புறத்தில் உலாவும்போது, வேற்றுக் கிரகத்தார் திடீரென்று இங்கே வந்திறங்கித் தாக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்று தமையனார் ஃபிராங்க் கேட்டாராம்; டாஸ்மேனியாவில் ஐரோப்பியர் குடியேறியதால் அத்தீவின் பூர்வகுடிகளுக்கு நேர்ந்த கதியைப் பற்றி அதற்கு முன் பேசிக்கொண்டிருந்திருக்கலாம் என்கிறார் வெல்ஸ். நூலின் முதல் அத்தியாயத்திலேயே, செவ்வாய்வாசிகளைக் கொடியவர்களென்று தூற்றுமுன் நம் இனத்தார் டாஸ்மேனியர்களுக்குச் செய்ததை நினைத்துப் பாருங்கள் என்று அவர் வாசகரை மடக்குகிறார். அம்மக்கள் அடியோடு அழிந்துபோனார்களென்று அவர் எழுதியது மட்டும் சரியன்று. அவர்களுடைய சந்ததியார் இன்றும் இருக்கிறார்கள்.

எனக்கு இதனினும் சுவையாகத் தோன்றுவது வேறொன்று. கதை சொல்பவர் மாலை ஆறு மணியளவில் தோட்டத்து மண்டபத்தில் மனைவியோடு தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் வெடியோசை கேட்கிறது. ஓரியண்டல் கல்லூரியைச் சூழ்ந்த மரங்களின் உச்சி தீப்பற்றுகிறது. பக்கத்து மாதாகோயிலின் கோபுரம் சரிகிறது. மசூதியின் சிகரத்தைக் காணோம். இந்த மசூதி கற்பனையன்று. கீழ்த்திசை மொழிகளில் வல்லவரான லைட்னர் என்பவர், போபால் பேகம் ஷாஜஹானின் பொருளுதவியால் 1889-இல் தமது கல்விநிலையத்தை அடுத்து எழுப்பியது அது. சாம்ராஜ்யம் செய்ததை அந்தச் சாம்ராஜ்யத்தின் தலைவாசலிலேயே திருப்பிச் செய்து காட்டிய வெல்ஸ், அந்த வாசலில் ஓர் இந்திய அரசியின் தர்மத்தால் எழுந்த கட்டடத்தையும் விட்டுவைக்கவில்லை! அதே ஹார்செல் வெளியில்தான், முதல் உலக யுத்தத்தில் பிரிட்டனுக்காகப் போரிட்டு மாண்ட இந்திய முஸ்லிம் சிப்பாய்கள் சிலரைப் பின்னாளில் அடக்கம் செய்தார்கள்.

1938 அக்டோபர் 30-ஆம் தேதி ஆர்ஸன் வெல்ஸ் என்னும் வேறொருவர் இக்கதையை அமெரிக்க வானொலியில் செய்தியறிக்கை போல நடத்தி, செவ்வாய்வாசிகளை நியூ ஜெர்ஸியின் குரோவர்ஸ் மில்லில் இறக்கினார். மெய்யென்று நம்பிக் கலங்கினவர்கள் உண்டு. தேசமே பீதியில் ஓடியதென்பது பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது. அந்த ஒலிபரப்பில் கிரகவாசிகள் வந்தார்கள், விஷப்புகை வந்தது, கடைசியில் அவர்களைக் கொல்லும் நுண்ணுயிர்களும் வந்தன. டாஸ்மேனியா மட்டும் வரவில்லை.