குரூஸ் கண்ட்ரோல்: கண் தெரியாதவர் கட்டிய கடிவாளம்

குரூஸ் கண்ட்ரோலைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் (1890–1982), சின்ன வயசில் விபத்தில் பார்வை இழந்தவர். 1912-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் வாங்கினார். அவருடைய வக்கீல் காரோட்டும்போது, பேசினால் வேகம் குறையும், கேட்டால் கூடும். அந்தக் குலுக்கல்தான் டீட்டரை யோசிக்க வைத்தது. 1950-ல் காப்புரிமை, 1958-ல் கிரைஸ்லர் கார்களில் வந்துவிட்டது.

தத்துவம் பழசு. ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் வைத்த கவர்னர் மாதிரிதான். வேகம் எல்லையைத் தொட்டால், எஞ்சினின் வெற்றிடத்தில் இயங்கும் பிஸ்டன் ஆக்சிலரேட்டரைக் காலுக்கு எதிராகத் தள்ளும். வேகத்தைப் பூட்டும் வசதி பிறகு சேர்ந்தது.

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 போல ஒரு டன்னுக்கும் குறைவான ஸ்போர்ட்ஸ் காரில், வெற்றிடத்தால் இழுக்கும் வகையைப் பொருத்தினால் ஒரு சிக்கல் வரும். மேட்டில் த்ராட்டில் அகலத் திறந்தால் வெற்றிடம் குறைந்து, கேபிளின் பிடி தளரும். வெற்றிடத்தைச் சேமிக்க ஒரு சின்ன டப்பாவும் ஒருவழி வால்வும் வைத்தால் சமாளிக்கலாம்.

ஆனா முதலில் சோதிக்க வேண்டியது வேறு: பிரேக்கைத் தொட்டதும் பூட்டு விடணும். கடலூர்–சிதம்பரம் பக்கம் ரோட்டில் நெல் காயும், மாடு குறுக்கே வரும். அங்கே உயிர் காப்பது அந்த விடுபடல்தான்.