அமெரிக்க ஹாங் கிளைடிங், பாராகிளைடிங் சங்கம்: காப்பீடும் நிதியும்

அமெரிக்க ஹாங் கிளைடிங், பாராகிளைடிங் சங்கம் என்பது எஞ்சின் இல்லாத இறக்கைகளைக் கொண்டு மலைச்சரிவிலிருந்தும் கடலோரக் குன்றிலிருந்தும் பறப்பவர்களின் அமைப்பு. இதன் தொடக்கம் கலிபோர்னியாவில். கிளைடர் பறத்தலின் முன்னோடி ஓட்டோ லிலியன்தாலின் பிறந்த நாளான மே 23 அன்று, 1971இல், நியூபோர்ட் பீச் அருகே ஒரு குன்றில் ஆர்வலர்கள் கூடி நடத்திய பறத்தல் போட்டிக்குப் பின் உருவான வட்டாரச் சங்கமே 1973இல் தேசிய அமைப்பாயிற்று. இன்று பத்தாயிரம் பேர் அளவிலான உறுப்பினர்களை வைத்து நடக்கும் இந்தச் சிறிய சங்கத்தின் பெரிய வேலை காப்பீடுதான்.

பறப்பதற்கு அரசாங்க உரிமம் தேவையில்லை. 1982இல் வந்த கூட்டாட்சி விமானப் போக்குவரத்து விதித்தொகுப்பின் 103ஆம் பகுதி, 155 பவுண்டுக்குக் குறைவான எஞ்சினற்ற ஒற்றையாள் பறப்புக் கருவிகளுக்கு உரிமமும் பதிவும் வேண்டாம் என்கிறது. தடை வேறிடத்தில் இருக்கிறது. பறக்க மலை வேண்டும், இறங்கத் திடல் வேண்டும். இரண்டும் பெரும்பாலும் மற்றவருடையவை. சான் பிரான்சிஸ்கோவின் ஃபோர்ட் ஃபன்ஸ்டன் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் நிலம். சான் டியேகோவின் டோரி பைன்ஸ் நகராட்சியின் நிலம். பல இடங்கள் தனியாருக்குச் சொந்தமானவை. யாராவது விழுந்து தன் மேல் வழக்குப் போட்டால் என்ன செய்வது என்பதுதான் நில உரிமையாளரின் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடையாகச் சங்கம் நீட்டுவது மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு. நில உரிமையாளரின் பெயரும் கூடுதல் காப்பீடு பெறுபவராக அந்தப் பாலிசியில் சேர்க்கப்படும்.

கட்டணம் வாங்காமல் பொழுதுபோக்குக்கு இடம் தரும் நில உரிமையாளர்களுக்குப் பல மாநிலச் சட்டங்கள் பாதுகாப்பு அளிக்கின்றன. பறப்பவர் எழுதித் தரும் பொறுப்பு விலக்கு ஒப்பந்தமும் உண்டு. ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிற்காது. கலிபோர்னியாவில் கடும் அலட்சியத்துக்கு அது கவசமாகாது என்று 2007இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வர்ஜீனியா நீதிமன்றங்களோ உடற்காய வழக்குகளில் அத்தகைய ஒப்பந்தத்தையே ஏற்பதில்லை. வழக்கில் வென்றாலும் வக்கீல் செலவு கைக்காசுதான். ஆகவே காப்பீடு இல்லாத குழுவுக்குத் திடல் கிடைப்பது அரிது.

இந்த நிலையில்தான் 2015இல், மேற்கொண்டு பாலிசியைப் புதுப்பிக்க இயலாது என்று காப்பீட்டுச் சந்தை கைவிரித்தது. பத்தாயிரம் பேர் கட்டும் பிரீமியம் எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் பொருட்டல்ல; பெரிய இழப்பீடு ஒன்றிரண்டு வந்தாலே பல ஆண்டு வசூல் கரைந்துவிடும். சங்கம் அப்போது எடுத்த முடிவு துணிச்சலானது: காப்பீட்டு நிறுவனத்தைத் தானே தொடங்குவது. 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, ஒரே வகை ஆபத்தைச் சந்திப்பவர்கள் கூடி, தங்கள் பொறுப்பைத் தாங்களே ஏற்கும் ‘ரிஸ்க் ரிட்டென்ஷன் குரூப்’ அமைக்கலாம். ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்றால் மற்ற மாநிலங்களிலும் செயல்படலாம். இதற்குத் தேவைப்பட்ட முதல், சுமார் 20 லட்சம் டாலர். உறுப்பினர்களும் உள்ளூர்ப் பறத்தல் மன்றங்களும் பயிற்சிப் பள்ளிகளும் சில மாதங்களில் அந்தப் பணத்தைத் திரட்டினார்கள். 2016இல் ‘ரெக்ரியேஷன் ரிஸ்க் ரிட்டென்ஷன் குரூப்’ வெர்மாண்ட் மாநிலத்தில் உருவானது.

வெளியார் நிறுவனத்திடம் பாலிசி வாங்கியபோது விபத்துச் செலவு அந்த நிறுவனத்தின் கவலை. இப்போது ஒரு மலையில் நடக்கும் அலட்சியம் எல்லா உறுப்பினர்களின் முதலையும் தொடுகிறது. அதனால் ஒவ்வொரு மன்றமும் தன் திடலுக்கான ஆபத்துத் தணிப்புத் திட்டத்தை எழுதித் தர வேண்டியதாயிற்று. வணிகப் பயிற்சிப் பள்ளிகளைத் தணிக்கை செய்து சான்று தர ஒரு தனி அமைப்பும் வந்தது. சந்தா உயர்ந்தது, அதற்கு முணுமுணுப்பும் எழுந்தது. உறுப்பினர் எண்ணிக்கை குறைந்தாலும் காப்பீட்டு நிறுவனத்தின் நிர்வாகச் செலவு, மறுகாப்பீட்டுக் கட்டணம், தணிக்கைக் கட்டணம் ஆகியவை அதே விகிதத்தில் குறைவதில்லை. சங்கத்தின் நிதிநிலையில் நிரந்தர நெருக்கடி இதுவே.

உறுப்பினர்கள் தெளிவாக அறிய வேண்டிய இரண்டு எல்லைகள் உள்ளன. ஒன்று, இந்தக் காப்பீடு பிறருக்கு நேரும் சேதத்துக்கானது. பறப்பவரின் கால் முறிந்தால் மருத்துவச் செலவுக்கு அவரவர் உடல்நலக் காப்பீட்டைத்தான் நாட வேண்டும். மற்றொன்று இதைவிட முக்கியமானது. சாதாரணக் காப்பீட்டு நிறுவனம் நொடித்துப் போனால் மாநில உத்தரவாத நிதி ஓரளவு கைகொடுக்கும். ரிஸ்க் ரிட்டென்ஷன் குரூப்புகளுக்குச் சட்டப்படி அந்த நிதியில் இடமில்லை. எனவே சந்தாவைக் குறைக்கக் காப்பீட்டுக் கையிருப்பில் கைவைப்பது இச்சங்கம் செய்யக் கூடாத காரியம்.