மோனேயின் கரையில் இரண்டு கூட்டம்

1867இல் குளோட் மோனே, பிரான்சின் லு ஆவர் துறைமுகத்தை அடுத்த சென்த்-அத்ரெஸ் கடற்கரையை வரைந்தார். மப்பு வானம், வற்று நீர், கரையேற்றிய மீன்பிடி வள்ளங்கள், அருகே தொழிலாளர்கள். நீரோரத்தில் சின்னதாக ஒரு சோடி தொலைநோக்கியோடு இருக்கிறது. அதைத் தவறவிட்டால் பாதிப் படம் போச்சு. 1847இல் பாரிஸ் ரயில் லு ஆவர் வந்தபின், மீனவக் கரை உல்லாசக் கரையாக மாறிக்கொண்டிருந்தது.

இதற்குச் சோடியாக அதே ஆண்டில் வரைந்த பாய்மரப் போட்டி ஓவியத்தில் வெயிலும் பெருக்கு நீரும்; பார்த்து நிற்பவர்கள் நன்றாக உடுத்தியவர்கள். கணக்கெழுதிய பழக்கம், யார் உழைக்கிறார், யார் செலவழிக்கிறார் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். மோனேயிடமோ காசில்லை. குடும்பத்தின் தயவில் அங்கே தங்கியிருந்தார். பாரிசில் கமீல் அவருடைய பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார்.