சொல்லும் வரிசையும்: நிகண்டு முதற் கணினி வரை

பொருள்களைத் தொகுத்தல் ஒரு தொழில். தொகுத்தவற்றை வரிசைப்படுத்தல் மற்றொரு தொழில். தொகுப்பு எத்துணைப் பெரிதாயினும் வரிசையில்லையேல் வேண்டியது வேண்டியபொழுது கிட்டாது. இவ்வுண்மையை விளக்குதற்கு நல்லூரின் வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், தமிழ்ச் சொற்களை வரிசைப்படுத்தும் இருவேறு நெறிகளும் இவ்வூரோடு தொடர்புற்றிருந்தன.

முதலாவது நிகண்டு நெறி. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள் வகையாற் சொற்கள் அதன்கண் கூட்டப்பெற்றுள்ளன. ஒரு சொல்லின் பல பொருள் கூறும் பதினோராந் தொகுதியோ எதுகையாகிய இரண்டாம் எழுத்தினை வரிசைக்கு அடிப்படையாகக் கொண்டது. செய்யுளை மனனம் செய்து கற்ற மாணாக்கருக்கு இம்முறையே எளிது. நல்லூரில் 1822 இற் பிறந்த ஆறுமுக நாவலர் 1849 இற் சென்னையில் அச்சிடுவித்த நூல்களுள் இந்நிகண்டின் உரைப்பதிப்பும் ஒன்று.

இரண்டாவது அகராதி நெறி. சிதம்பர இரேவணசித்தர் 1594 இல் அகராதி நிகண்டிலே சொற்களை முதலெழுத்துவரிசைப்படி வைத்தார். வீரமாமுனிவர் 1732 இற் சதுரகராதியை ஆக்கினார். 1818 இல் இலங்கைக்கு வந்து நல்லூரில் நிலைகொண்ட யோசேப்பு நைற் பாதிரியார் பேரகராதி ஒன்றுக்கெனச் சொற்களைத் திரட்டத் தொடங்கினார். அம்முயற்சியைப் பிறர் தொடர, 1842 இல் மானிப்பாய் அகராதி எனவும் வழங்கும் யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. 1862 இல் வின்சிலோவின் தமிழ்–ஆங்கில அகராதி சென்னையில் வெளிவந்தது. அதனைத் திருத்தி விரிக்கும் நோக்கோடு தொடங்கிய பணியே 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாய் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியாய் முதிர்ந்தது.

இவ்விரு நெறிகளுள் எது சரி, எது பிழை என்னும் வினா எழாது. ஒன்று மனத்தில் இருத்துதற்கு. மற்றது தேடி எடுத்தற்கு. சொற்கள் அவையே, பயன் வேறாகவே வரிசையும் வேறாயிற்று. எவ்வரிசைக்கும் அடிப்படை ஒப்பீடு. இரண்டு சொற்களை எடுத்து, முன்னது எது, பின்னது எது, அன்றி இரண்டும் நிகரோ எனத் தீர்ப்பளிக்கும் விதி ஒன்று வேண்டும். அவ்விதி முரண்படலாகாது. முதலாவது இரண்டாவதற்கு முந்தி, இரண்டாவது மூன்றாவதற்கு முந்தின், முதலாவது மூன்றாவதற்கும் முந்துதல் வேண்டும்.

இக்காலக் கணினி நிரலாளர் கைக்கொள்வதும் இதுவே. 1998 இல் வெளிவந்த யாவா மொழியின் இரண்டாம் பதிப்பு, தொகுப்புகளைக் கையாளுதற்கெனப் பொது நூலகம் ஒன்றைக் கொண்டு வந்தது. அதில் வரிசைக்கு இரு வழிகள் உள. பொருள் தன்னகத்தே கொண்ட இயல்பு வரிசை ஒன்று. புறத்தே நின்று பொருள்களை ஒப்புநோக்கும் விதி மற்றொன்று. விதியை மாற்றின், பொருள்கள் மாறாமலே வரிசை மாறும். ஒப்பீட்டின் விடை எதிர்மமாயின் முந்தியது, நேர்மமாயின் பிந்தியது, சுழியமாயின் நிகர். இங்கு விழிப்பும் வேண்டும். முதலெழுத்தை மட்டும் நோக்கும் விதியை அந்நூலகத்தின் வரிசைக் கணத்துக்குக் கொடுப்பின், 'மரம்' புகுந்தபின் 'மலை' புகமாட்டாது. இரண்டும் நிகர் எனக் கருதப்பட்டுப் பின்னது தள்ளப்படும். விதியின் குறை சொல்லின் இழப்பாய் முடியும்.

தமிழுக்கு நேர்ந்த இடர் இயல்பு வரிசையில் உள்ளது. 1991 இல் வெளிவந்த ஒருங்குறி, இந்திய மொழிகளின் எழுத்துகளை ஒரே அச்சில் நிரல்பட வைத்தது. அதனால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னும் எண் பெற்றன. தமிழ் நெடுங்கணக்கோ யகரம், ரகரம், லகரம், வகரம், ழகரம், ளகரம், றகரம், னகரம் என முடிவது. மரம், மலை, மழை, மனம் என்பதே தமிழ் வரிசை. எண்ணை மட்டும் நோக்கும் கணினி மனம், மரம், மலை, மழை என அடுக்கும். இறுதியில் நிற்கவேண்டியது முதலில் வந்து நிற்கும். பேரகராதியிற் 'பக்கம்' முன்னும் 'பகல்' பின்னும் நிற்ப, எண்வரிசையில் அவை இடம் மாறும். புள்ளிக்குரிய எண் பெரிதாதலே காரணம்.

இக்குறைக்கு மருந்து உண்டு. எழுத்தின் எண் வேறு, அதன் வரிசை வேறு என ஒருங்குறி அமைப்பினரே பிரித்து, ஒப்பீட்டுக்கெனத் தனி நெறியும் மொழிதோறும் பொருந்தும் விதிகளும் வகுத்துள்ளனர். அவற்றைப் பயன்கொள்ளும் ஒப்புநோக்கியை நிரலில் அமைத்தல் அரிதன்று. அமைக்கவேண்டும் என்னும் எண்ணமே பலரிடத்து இல்லை. அவ்வெண்ணம் இல்லாவிடத்துப் பள்ளி இடாப்பும், நூலகப் பட்டியலும், வாக்காளர் பெயர்நிரலும் தமிழர் தேடும் இடத்திற் பெயரைக் காட்டா. நூல் இருந்தும் இல்லை என வாசகர் திரும்புவர்.

நெடுங்கணக்கின் முறை காரணமின்றி அமைந்ததன்று. சிறப்பும் இனமும் நோக்கி எழுத்துகள் நிரல்பட்டன என நன்னூலார் விளக்கினார். ஏட்டிலிருந்து அச்சுக்கு மாறியபொழுது அம்முறையைக் காத்தோர் அகராதியாசிரியர். அச்சிலிருந்து கணினிக்கு மாறும் இக்காலத்தில் அப்பணி தமிழறிந்த நிரலாளரையும், நிரலறிந்த தமிழாசிரியரையும் ஒருங்கே சார்ந்தது. இலக்கண வகுப்பில் நெடுங்கணக்கை ஓதும் மாணவன் அதனைக் கணினிக்கும் ஓதுவிக்கக் கற்பானாயின், அவன் கற்றது வீண்போகாது.