கோதாவும் தோஜோவும்: ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்தில் இந்தியத் தடம்

சேலம், நாமக்கல் பக்கத்துத் தேகப்பயிற்சிச் சாலைகளில் பழைய தலைமுறை தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்றுதான் உடம்பை வளர்த்தது. பஸ்கிக்குக் கருவி எதுவும் வேண்டாம். குதிகால் தரையைவிட்டு எழும்ப, முழங்கால் மடங்க உட்கார்ந்து, கைகளை வீசி எழ வேண்டும், அவ்வளவுதான். இதையே ‘ஹிந்து ஸ்குவாட்’ என்ற பெயரில் தோஜோ எனப்படும் ஜப்பானியப் பயிற்சிக்கூடங்களில் புதுப் பையன்களை நூற்றுக்கணக்கில் எடுக்க வைக்கிறார்கள். பெயரே வந்த வழியைச் சொல்லிவிடுகிறது. ஆனால் இந்தியப் பயில்வான்களின் தடம் அங்கே உடற்பயிற்சியோடு நிற்கவில்லை.

ஜப்பானில் தொழில்முறை மல்யுத்தத்துக்கு அடித்தளம் போட்டவர் ரிக்கிடோசான். கொரியாவில் பிறந்தவர், சூமோ மல்லராக இருந்து 1950-இல் அதைவிட்டு விலகினார். 1953-இல் ஜப்பான் மல்யுத்தச் சங்கத்தைத் தொடங்கினார். 1954 பிப்ரவரியில் அவரும் ஜூடோ வீரர் கிமுராவும் வெள்ளைக்கார மல்லர்களான ஷார்ப் சகோதரர்களோடு மோதியதை, தெருவில் வைத்த தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன்னே கூட்டம் கூட்டமாக நின்று மக்கள் பார்த்தனர். போரில் தோற்ற நாட்டில், ஒருவர் வெறுங்கையால் வெள்ளைக்காரர்களை வெட்டிச் சாய்க்கும் காட்சி அது. முடிவு முன்கூட்டியே பேசி வைத்ததா என்பதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

அடுத்த ஆண்டுதான் நம் கதைக்கு முக்கியமானது. 1955 நவம்பரில் கிங்காங், இந்தியப் பயில்வான்களான டைகர் ஜோகிந்தர் சிங், தாரா சிங் ஆகியோர் ஜப்பான் சென்றனர். அனைத்து ஆசிய இரட்டையர் பட்டத்தை முதன்முதலில் வென்ற ஜோடி கிங்காங்கும் ஜோகிந்தர் சிங்கும். தனியாள் பட்டத்தை ரிக்கிடோசான் கிங்காங்கைத் தோற்கடித்துப் பெற்றார். எமில் சாயா என்ற இயற்பெயர் கொண்ட இந்தக் கிங்காங், சிங்கப்பூரைத் தளமாக்கி இந்தியாவெங்கும் மோதியவர். தாரா சிங்கோடு அவர் மோதிய கதை தமிழ்நாட்டிலும் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. ஆக, 1955-இல் இரு நாடுகளின் மேடையிலும் ஏறியவர்கள் ஏறக்குறைய ஒரே ஆட்கள்.

பிறகு வழி பிரிந்தது. ரிக்கிடோசான் 1963 டிசம்பரில் கத்திக்குத்துப் பட்டு இறந்தபோது, சீடர்களும் தொலைக்காட்சி நேரமும் மிச்சமிருந்தன. 1960-இல் ஒரே நாளில் அரங்கேறிய அன்டோனியோ இனோக்கியும் ஜயண்ட் பாபாவும் 1972-இல் ஆளுக்கொரு நிறுவனம் தொடங்கினர். இனோக்கியின் நியூ ஜப்பான், இங்கிலாந்தின் விக்கனில் பயின்ற பெல்ஜியத்துக்காரர் கார்ல் காட்ச்சை ஆசானாக ஏற்றது. இந்தியத் தண்டாலும் பஸ்கியும் அவர் பாடத்தின் உயிர். பிடியும் உதையும் வலிக்கவே செய்யும் ‘ஸ்ட்ராங் ஸ்டைல்’ அங்கே வளர்ந்தது. பாபாவின் ஆல் ஜப்பானில் உருவான ‘ராஜபாட்டை’ பாணியோ நீண்ட போரையும், அடி வாங்கி மீண்டெழும் நாடகத்தையும் நம்பியது. 1990-களில் மிசாவா, கவாடா, கோபாஷி ஆகிய மல்லர்கள் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். 1984-இல் வந்த யு.டபிள்யூ.எஃப். நிறுவனம் நாடகத்தையே குறைத்து, நிஜச் சண்டைக்கு நெருங்கியது. 1976-இல் கராச்சியில் புகழ்பெற்ற மல்லர் காமாவின் வம்சத்து அக்ரம் பயில்வானின் கையை இனோக்கி முடக்கியதும் இந்த நிஜச் சண்டை வெறியின் ஒரு முகம்தான்.

இந்தியாவில் என்ன நடந்தது? தாரா சிங்கைச் சினிமா அழைத்துக்கொண்டது. 1987-இல் தூர்தர்ஷன் இராமாயணத்தில் அனுமனாகவே வந்தார். பதினெட்டடி ஆஞ்சநேயரைக் கும்பிடும் நாமக்கல்லுக்கு அது பொருத்தமான முகம்! நம் கொங்குப் பக்கத்திலும் பலசாலியின் பாதை ஸ்டுடியோவுக்கே போனது. கோவை உடற்பயிற்சிக்காரர் ‘சாண்டோ’ சின்னப்பா தேவர் நடிகராகி, படத் தயாரிப்பாளரும் ஆனார். ஜப்பானில் தொலைக்காட்சி கோதாவைத் தேடி வந்தது. இங்கே கோதாவிலிருந்தவர் கேமராவைத் தேடிப் போனார். நட்சத்திரம் நமக்குக் கிடைத்தது, பள்ளி கிடைக்கவில்லை. என் கணிப்பில், இந்தியத் தொழில்முறை மல்யுத்தம் தேய்ந்ததற்கு ‘எல்லாம் டூப்பு’ என்ற பேச்சைவிட இதுவே பெரிய காரணம்.

ஆனாலும் ஜப்பான் தொடர்பு முற்றிலும் அறுந்துவிடவில்லை. இமாச்சலத்துக்காரரான மல்லர் கிரேட் காளி, 2000-களின் தொடக்கத்தில் நியூ ஜப்பான் மேடையில் ‘ஜயண்ட் சிங்’காக மோதிவிட்டுத்தான் அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.இ. மேடைக்குப் போனார். 2015-இல் ஜலந்தரில் பயிற்சிக்கூடம் திறந்தார்.

இந்தக் கதைக்குச் சான்றாக, சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பழைய குஸ்தி நோட்டீசோ டிக்கெட்டோ புகைப்படமோ வீட்டுப் பரணில் வைத்திருப்பவர்கள், எடைக்குப் போட்டுவிடாமல் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் ஆவணகத்தை அணுக வேண்டும்.